வளைவில் அழுத லாரி

நான் கல்யாணமாகி மயிலாடிக்கு வந்தபோது அந்த வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். முற்றத்தில் ஒரு லாரி இருந்தது. வீட்டைவிட லாரி பெரிதாகத் தெரியும். யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன வண்டிகளை ஏலம் போட்டார்கள். அதில் என் கணவரும் அவருடைய அண்ணனும் கூட்டாக எடுத்தது அது. பச்சைப் பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது. நம்மூர் வண்டிகளைப் போல இல்லாமல் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. அந்த ஸ்டியரிங்கில் இன்னொரு விசேஷமும் உண்டு. எஞ்சினோடு ஓடும் ஒரு சின்ன பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும். எத்தனை பாரம் ஏற்றினாலும் விரலால் திருப்பலாம் என்று என் கணவர் பெருமையாகச் சொல்வார். நாகர்கோயிலில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. 'எண்ணெய் ஸ்டியரிங்' என்று சொல்லிச் சொல்லி அதுவே வண்டிக்குப் பெயராகிவிட்டது.

அவர் யுத்தகாலத்தில் அசாம் பக்கம் பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். அங்கே இதே மாதிரி வண்டிதான் ஓட்டினாராம். மயிலாடியில் கொத்திய அம்மியையும் ஆட்டுரலையும் வைக்கோல் வைத்து அடுக்கி, களியக்காவிளைச் சந்தைக்குக் கொண்டுபோவது இப்போது அவருடைய வேலை. விடிவதற்கு முன்னால் போனால் விளக்கு வைத்த பிறகு வருவார். மற்ற நேரம் அண்ணனோடும் அப்பாவோடும் இருப்பார். எனக்கென்று அவர் கிடைத்த நேரம் மிகவும் கொஞ்சம்.

கிடைத்த நேரத்திலும் பேச முடியாது. எங்கள் அறைக்கும் அவருடைய அண்ணன் குடும்பம் படுத்திருந்த அறைக்கும் நடுவே ஓலைத் தட்டிதான் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமினால் இந்தப் பக்கம் என் தலையணை அசையும். அதனால் நான் எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகத்தான் சொல்வேன். அம்மா வீட்டில் மாடு கன்று போட்டதைச் சொன்னேன். மாமி, அதாவது அவருடைய அம்மா, என் மீன்குழம்பைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். ஒருநாள், உங்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். எதற்கும் பதில் வராது. சில சமயம் என் கையைப் பிடித்துக்கொள்வார். சில சமயம் அதுவும் இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்குள், இந்த மனிதருக்கு என்னை வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பகலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ரோட்டைப் பார்த்திருப்பேன். வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம் மழை விட்டதும் லாரி சத்தம் போட ஆரம்பித்தது.

வழக்கமான எஞ்சின் சத்தத்துக்கு மேலே, ஊசி மாதிரி மெலிதாக ஒரு அழுகை. பள்ளிக்கூட வளைவில் வண்டி திரும்பும்போது அது எழும்பும். நேர் ரோட்டுக்கு வந்ததும் தேய்ந்துபோகும். வண்டிமாடுகள் மிரண்டு ஓரம் ஒதுங்கின. வேதக்கோயிலில் போதகர் ஜெபத்தை நிறுத்திக் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார். கல் ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர் பின்னால் கல்லின்மேல் உட்கார்ந்து வருவார்கள். அவர்கள் வளைவு வரும்போதெல்லாம் வண்டியோடு சேர்ந்து தாங்களும் ஊளையிட்டுச் சிரிப்பார்கள். என் கணவர் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். "ஸ்டியரிங் இடையில இடையில பிடிக்கு, கை கடுக்கு" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார்.

நாகர்கோயில் ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி கேட்டுப் பார்த்து, டைனமோவின் பேரிங் என்றார். மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பூட்டினார்கள். அப்போதும் போகவில்லை. மேஸ்திரி மேல் குறை சொல்ல முடியாது. அவர் கையில் அப்படி ஒரு வண்டி அதற்கு முன்னால் வந்ததில்லை. கடைசியில், கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கலாம், கொஞ்ச நாள் வண்டி இங்கேயே கிடக்கட்டும் என்றார். அதைப் பற்றித்தான் அன்று மத்தியானம் வீட்டில் பேச்சு. ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "கியர்பாக்ஸ் இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

மாமி திரும்பிப் பார்த்தார். "ஆம்பிளைங்க பேசுகாங்க. நீ கறிய எடு."

"இல்ல மாமி, வண்டி ஓடாம நிக்கும்போதும் சத்தம் வருகு. முந்தாநாள் முற்றத்துல ஒதுக்கும்போ பாத்தேன். எஞ்சின் ஓடுகு, வண்டி அசையல்ல, ஸ்டியரிங்க ஒடிச்ச உடனே அழுகு. விட்டா நிக்கு."

என் கணவர் சோற்றில் கையை வைத்தபடியே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கை கழுவினார். "இஞ்ச வா" என்றார். எல்லார் முன்னிலையிலும் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முற்றத்தில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு மேலே உட்கார்ந்தார். "சத்தம் வரும்போ கைய உயத்து. நின்னா தாழ்த்து" என்றார். இடது பக்கம் ஒடித்தார், கையை உயர்த்தினேன். விட்டார், தாழ்த்தினேன். வலது பக்கம் கடைசிவரை ஒடித்தபோது அது வீறிட்டது. தென்னையில் இருந்த காக்கைகள் பறந்தன. வாசலில் நின்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. அவர் என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வண்டிக்குப் பக்கத்தில் போய், "உங்களுக்குக் கேக்கலியா?" என்று கிசுகிசுத்தேன். அவர் என்ன என்பதுபோலக் குனிந்தார். நான் குரலைக் கனப்படுத்தி, பாட்டில் கீழ்ஸ்தாயிக்குப் போவதுபோல இறக்கி, அதையே மறுபடியும் கேட்டேன். அவர் சட்டென்று வாசல் பக்கம் பார்த்தார்.

"பைய. அப்பா காதுல விழும்."

அசாமில் ஒரு குண்டு பக்கத்தில் விழுந்த பிறகு ஊசி போன்ற மெல்லிய சத்தங்கள் எல்லாம், எவ்வளவு உரக்க வந்தாலும், அவரைவிட்டுப் போய்விட்டன. குருவிச் சத்தம், குழந்தை சிணுங்குவது, கிசுகிசுப்பு, ஒன்றும் கேட்காது. கனமான சத்தம் கேட்கும். எஞ்சின் கேட்கும், ஹாரன் கேட்கும், ஆண்கள் பேசுவது கேட்கும். அதை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். "செவிடன் ஓட்டுக வண்டியில எவன் சரக்கு ஏத்துவான்?" என்றார். நான் அவருக்கு ஒரு வருஷமாகச் சொன்ன எதுவும் அவரை எட்டவே இல்லை.

அன்று சாயங்காலம் அவர் ஒரு நீளமான இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தார். பட்டாளத்தில் அப்படிச் செய்வார்களாம். எஞ்சின் ஓடும்போது கம்பியின் ஒரு முனையை வண்டியில் வைத்து, மறுமுனையைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்தால், அந்த இடத்தின் சத்தம் மட்டும் தனியாக வரும். அவருக்கு அது உதவாது. நான் வைத்துக் கேட்டேன். டைனமோவில் ஒரே சீரான ரீங்காரம். தண்ணீர்ப் பம்பில் குடத்தில் நீர் நிரம்புவதுபோல. அதற்குக் கீழே இருந்த ஸ்டியரிங் பம்பில் கம்பியை வைத்ததும் அழுகை நேராக மண்டைக்குள் வந்தது. கம்பியைப் போட்டுவிட்டேன்.

"அதுதானா?"

"அதுதான்."

அவர் முகம் வாடியது. அந்தப் பம்பு இங்கே எங்கேயும் கிடைக்காது. கெட்டுவிட்டது என்றால் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அத்தனை கல்லையும் தோள் பலத்தால் திருப்ப வேண்டியதுதான். "அதத் திறந்து பாத்துக் கெடுக்கதுக்கு முன்ன, எப்பம் அழுகு, எப்பம் நிக்குன்னு தெரியணும். பாரத்தோட ஓடும்போ கேக்கணும்" என்றார். பின்னால் உட்காரும் ஆட்களுக்குக் காற்றில் அதெல்லாம் பிரித்துத் தெரியாது. எஞ்சின் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும்.

மாமா, அதாவது என் கணவரின் அப்பா, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு மகனின் காது விஷயம் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "அவளுக்குத்தான் கேக்குன்னா அவளையே கூட்டிட்டுப் போ" என்றார். மாமி நிறையப் பேசினார். பெண்பிள்ளை லாரியில் போவதா, ஊர் என்ன சொல்லும் என்றார். கடைசியில், தலையில் முக்காடு போட வேண்டும், விளக்கு வைப்பதற்குள் வர வேண்டும் என்று சொல்லி விட்டுக்கொடுத்தார்.

அப்படி நான் முதல்முறையாக லாரியில் ஏறினேன். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் நான் வலது பக்கம், எதிரே வரும் வண்டிகளை உரசுவதுபோல உட்கார்ந்திருந்தேன். சுசீந்திரம் தாண்டும்போது கோபுரத்துக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. வயல்களில் மூடுபனி இன்னும் கலையவில்லை. நாகர்கோயிலைத் தாண்டி, பார்வதிபுரம் வளைவு வந்ததும் பம்பு அழுதது. கையை உயர்த்தினேன். அவர் தலையாட்டினார். வில்லுக்குறி ஏற்றத்தில் கொஞ்சம் குறைந்தது. தக்கலையில் குறைந்தே இருந்தது. சாமியார்மடம் பக்கம் வளைவுகள் அடுத்தடுத்து வந்தபோது அழுகை மாறி உறுமலாகிவிட்டது.

நேர் ரோட்டில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அப்போது நாங்கள் பேசினோம்.

எஞ்சின் இரைச்சலில் எங்கள் பேச்சு பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்காது. மாமிக்குக் கேட்காது. ஓலைத் தட்டி இல்லை. நான் கீழ்ஸ்தாயியில், ஆண்பிள்ளை மாதிரிக் குரலில் பேசினேன். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வீட்டில் வாயே திறக்காத மனிதர் அங்கே பேசிக்கொண்டே இருந்தார். அசாமின் மழை, சேற்றில் புதைந்த வண்டியை யானை கட்டி இழுத்தது, அவருடைய அம்மா சின்ன வயதில் அவரைப் பனையில் ஏற விடாமல் அழுதது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கோயிலில் பாடுகிற பெண்களில் நானும் ஒருத்தி என்று அவருக்குத் தெரியும். நான் பாடி அவர் கேட்டதில்லை. ஒரு கீர்த்தனையைக் கீழே இறக்கிப் பாடினேன். இரவிபுதூர்கடை வரும்வரை அவர் வேகத்தைக் குறைத்தே ஓட்டினார்.

"இது என்ன பாட்டுன்னு தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியும். எங்க அம்மையும் இதத்தான் பாடுவா. ஆனா அவ பாடுகது இப்பம் எனக்குக் கேக்காது" என்றார்.

ஒரு நடையில் ஒன்றும் முடிவாகவில்லை. நாலைந்து நடை போனேன். ஒவ்வொரு நாளும் கேட்டதைச் சொல்வேன். காலையில் குளிரில் அழுகை அதிகம், பிறகு குறைகிறது, வளைவுகள் தொடர்ந்து வந்தால் உறுமல், சாயாக் கடையில் நின்றுவிட்டுக் கிளம்பினால் கொஞ்ச தூரத்துக்குச் சுத்தமாக இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார்.

"நின்னா சரியாகுதா? நல்லா ஓர்த்துச் சொல்லு."

"ஆமா. மார்த்தாண்டத்துல நின்ன பிறகு குழித்துறைப் பாலம் வர ஒண்ணுமே இல்ல."

"அப்படின்னா பம்பு சாகல்ல. செத்த பம்பு இளைப்பாறினா பிழைக்காது."

அடுத்த நடையில் மார்த்தாண்டத்தில் நிற்கவில்லை. வளைவுகளைக் கடந்து வந்த சூட்டோடு குழித்துறை ஆற்றங்கரையில் நிறுத்தி, உடனே எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்தார். எருமைப் பால் கறக்கும்போது செம்பில் எழும்புவதுபோல உள்ளே வாய்வரை நுரை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றோம். நுரை மெல்ல அடங்கி, எண்ணெய் தெளிந்தது.

"காத்து" என்றார். "எங்கேயோ காத்து இழுக்கு."

"எண்ணெய் ஒரு சொட்டும் கீழ விழல்லியே?"

"எண்ணெய் வெளிய போற இடம் இல்ல பிள்ளே, பம்பு உறிஞ்சிக் குடிக்க இடம். பப்பாளித் தண்டு வச்சு இளநீ குடிச்சிருக்கியா? தண்டுல கீறல் இருந்தா என்ன ஆகும்?"

"காத்துதான் வரும். சத்தமும் வரும்."

"அதே சத்தந்தான்."

டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர்க் குழாய் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கல் ஏற்றும் ஆள் ஒருவரை மேலே உட்காரவைத்து, எஞ்சின் ஓட ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடிக்கச் சொன்னார். பம்பு அழுதது. நான் கையை உயர்த்தி நின்றேன். அவர் ஒரு துணியை எண்ணெயில் முக்கி, குழாயின் ஒவ்வொரு இடத்திலும் பிழிந்துகொண்டே வந்தார். மேல் இணைப்பில் பிழிந்தார்; மாற்றமில்லை. நடுவில் பிழிந்தார்; மாற்றமில்லை. கீழே, பம்போடு சேரும் இடத்தில், அடிப்பக்கம் எண்ணெய் பட்டதும் அழுகை சட்டென்று நின்றது.

கையைத் தாழ்த்தினேன். அவர் மண்ணில் மல்லாந்து கிடந்தபடி என் கையைப் பார்த்தார். சிரித்தார். எண்ணெய் வழிந்த முகத்தோடு அவர் சிரித்த அந்தச் சிரிப்புக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்படத்தான் செய்தேன். ஆனால் கூடவே, இனி நான் லாரியில் வர வேண்டியதில்லை என்பதும் தெரிந்தது.

குழாயை இறுக்கியிருந்த கிளிப்பைக் கழற்றியபோது அதன் அடியில் நகம் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. வெடித்த முனையை வெட்டிவிட்டு, சைக்கிள் கடையில் வாங்கிய பழைய டியூபைச் சுற்றி, கம்பி வைத்து இறுக்கினார். வாழையிலையில் கட்டிக்கொண்டு போயிருந்த சோற்றை ஆற்றங்கரையில் சாப்பிட்டோம். களியக்காவிளையில் கல்லை இறக்கிவிட்டுத் திரும்பினோம். சாமியார்மடத்து வளைவுகளில் வண்டி சத்தமில்லாமல் திரும்பியது.

"கேக்குதா?" என்றார்.

"இல்ல."

அடுத்த வளைவிலும் கேட்டார். இல்லை என்றேன். அதற்கடுத்த வளைவில் அவர் கேட்கவில்லை. நான் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்திருந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கும் வா. ஒட்டு நிக்குதான்னு பாக்கணும்லா" என்றார்.

மறுநாளும் போனேன். ஒட்டு நின்றது. அதற்கடுத்த நாள் விடியும் முன்னால் நான் சேலை மாற்றிக்கொண்டு நின்றபோது மாமி கேட்டார்: "சத்தம் போயாச்சுலா, பிறகு எதுக்கு?" அதில் கோபம் ஒன்றும் இல்லை. கேள்வி நியாயமானதுதான். என் கணவர் வாசலில் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வண்டியில் ஏறிப் போனார். நான் அடுக்களைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு வீட்டில் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவருக்குக் கேட்கிற குரலில் பேசினால் தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்காத குரல் அவருக்குக் கேட்காது. முன்பு அவர் பதில் சொல்லாததற்கு அழுதேன். இப்போது அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தும், கேட்க அவருக்கு ஆசை இருப்பது தெரிந்தும், சும்மா கிடந்தேன். அவர் என் உள்ளங்கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்வார். நான் பேசினால் அங்கே அதிரும் என்று நினைத்தாரோ என்னவோ.

விடியும் முன்னால் லாரி பள்ளிக்கூட வளைவில் திரும்பும். நான் எட்டிப் பார்ப்பேன். பம்பு மறுபடி அழாதா என்று இருக்கும். அது அழவே இல்லை. அவர் செய்த வேலை அவ்வளவு நன்றாக நின்றது.

ஒரு வருஷம் கழித்து அண்ணனும் தம்பியும் கூட்டைப் பிரித்தார்கள். சண்டை ஒன்றுமில்லை, அண்ணனுக்கு நிலம் வாங்க ஆசை. லாரியை ஆரல்வாய்மொழிக்கு அப்பால் மரவியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். என் கணவருக்குக் கூலிக்கு வண்டி ஓட்ட மனமில்லை. பட்டாளத்தில் கூட இருந்த ஒருவர் பெர்சியாப் பக்கம் எண்ணெய்க் கம்பெனிக்குப் பெரிய வண்டி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்ல, பம்பாய்க்குப் போனார். அங்கே டாக்டர் கண்ணையும் நெஞ்சையும் பார்த்தாராம். காதை யாரும் பார்க்கவில்லை. கப்பலேறிவிட்டார்.

கடிதங்கள் மாமாவின் பெயருக்கு வரும். மாமா கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கப் படிப்பார். 'அவளையும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். பதிலும் மாமாதான் எழுதுவார். உனக்கு ஏதாவது எழுதணுமா என்று என்னைக் கேட்பார். சுகமாக இருக்கிறேன் என்று எழுதுங்கள் மாமா என்பேன். அவர் போய் ஏழாம் மாசம் எங்கள் மகள் பிறந்தாள். அதையும் மாமாதான் எழுதினார். மூக்கு அவரைப் போல இருக்கிறது என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். மாமாவிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் போகும்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. திரும்பி வந்தபோது சென்னை ராஜ்யத்தில் இருந்தது. களியக்காவிளை எல்லையாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது பஸ்ஸிலிருந்து இறங்கினார். கறுத்து, மெலிந்து, யாரோ போல இருந்தார். மகள் அவரைப் பார்த்து அடித்தொண்டையில் அலறினாள். அந்த அலறல் அவருக்குக் கேட்டது. அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எல்லாருக்கும் கொண்டுவந்ததைக் கொடுத்து முடித்த பிறகு, கூடத்தில் வைத்தே என்னிடம், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். மாமா இருந்தார், மாமி இருந்தார், அண்ணனும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

நான் குரலை இறக்கி, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "நாகர்கோயில்ல ஒரு வாடகை வீடு வேணும். ஒரு அறை போதும்."

மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

பொங்கலுக்குப் பிறகு வடசேரிப் பக்கம் ஒரு அறையும் அடுக்களையும் உள்ள வீட்டுக்குப் போனோம். மூன்று மாதம் அங்கே இருந்தோம். பேசினோம். பிறகு அவர் மறுபடியும் பம்பாய்க்குப் புறப்பட்டார். நான் மகளோடு அந்த வீட்டிலேயே இருந்தேன். சமைக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே பாடுவேன். கேட்க வேண்டியவர் கடலுக்கு அப்பால் இருந்தார்.